எட்டு மெஷினும் ஓர் அடுப்பும்

லத்தீஃபாவிடம் ஒரு வேலையைக் காட்டி, இது உன்னால் ஆகாது என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அப்புறம் அந்த வேலைக்கும் நிம்மதி இருக்காது, சொன்னவருக்கும் இருக்காது. அதிராம்பட்டினத்திலிருந்து கல்யாணமான கையோடு நியூஜெர்சி வந்தவள் அவள். "பனியில கார் ஓட்ட உனக்கு பயமா இருக்கும், வேணாம்" என்று கணவன் பாரூக் ஒருமுறை அக்கறையாகத்தான் சொன்னான். கொட்டுகிற பனியில் போய் லைசென்ஸ் எடுத்து வந்து அவன் முன்னால் போட்டாள்.

2003-இல் பாரூக்குக்கு வேலை போயிற்று. அதிலிருந்து, குழந்தையோடு சேர்த்து மூன்று பேர் கொண்ட அந்தக் குடும்பத்தின் விசா லத்தீஃபாவின் வேலையில் தொங்கியது. அவளுடையதும் கான்ட்ராக்ட் வேலைதான், பிளெய்ன்ஸ்பரோ பக்கம் ஒரு சின்ன மருந்து கம்பெனியில். புது மருந்து எத்தனை பேருக்கு ஒத்துக்கொள்ளும் என்று லட்சக்கணக்கான கற்பனை நோயாளிகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கம்ப்யூட்டருக்கு அது தாங்காது. அதனால் எட்டு மெஷின்களைக் கோத்து, வேலையை எட்டாகப் பிரித்து ஒரே சமயத்தில் ஓடவிடும் ஸ்கிரிப்டை அவள் எழுதினாள். எட்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்கிற ஜாபை, அதாவது ஓடுகிற கணக்கை, சிஸ்டமே பாதியில் கொன்றுவிடும். அவளுடையதை அது தினமும் கொன்றது, பாவி!

அவள் பார்க்காத இடமில்லை. மெமரியைப் பார்த்தாள், கேபிளைப் பார்த்தாள், கணக்குப் போடும் ப்ரோகிராமை வரிவரியாகப் பிரித்து மேய்ந்தாள். திரையைத் திறந்தால் 'எட்டு மெஷின் ஒதுக்கியாயிற்று' என்று அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு ஏன் இந்த ஆமை வேகம்?

மேனேஜர் திருமூர்த்தி உடுமலைக்காரர், மனசு கெட்டவர் இல்லை. வெள்ளிக்கிழமை அவளைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மண்டேக்குள்ள ஒரு தடவையாவது முழுசா ஓடி முடியோணுங்க. இல்லீன்னா மெஷின ரிட்டர்ன் பண்ணிருவாங்க, உங்க கான்ட்ராக்டும் அதோட முடிஞ்சுரும். நானும் எவ்வளவுதான் தாக்காட்டறதுங்க?"

"முடியும் சார்" என்றாள் லத்தீஃபா. எப்படி என்று அவளுக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்தால், ஹாலில் காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஐசலின் கடைகளில் கேட்டு வாங்கி வந்திருந்தான் பாரூக்.

"எதுக்கு மச்சான் இது?"

"சும்மாதான். ஒருவேளை ஊருக்குப் போற மாதிரி ஆயிட்டா..."

அவளுக்குச் சுருக்கென்றது. பெட்டிகளைக் காலால் ஓரம் தள்ளினாள்.

ரமலான் மாதம். மறுநாள் சனிக்கிழமை ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் சேர்த்து நோன்பு திறக்க ஹால் எடுத்திருந்தார்கள். சமையலுக்கு ஆள் பிடிக்கும் பொறுப்பு லத்தீஃபாவுக்கு. இந்த ரகளையிலும் அவள் அதை விடவில்லை. மஹாவுக்குக் கஞ்சி, மஹ்ஜபீனுக்கு எறால் வாடா, மற்றவர்களுக்கு சமோசா, கடல்பாசி என்று போனிலேயே பிரித்துக் கொடுத்திருந்தாள். மதியம் லுஹர் தொழுததும் ஆரம்பித்துவிடலாம் என்றும் சொல்லியிருந்தாள்.

லுஹர் தொழுது, ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்து ஜாபை இன்னொரு தடவை ஓடவிட்டுவிட்டு எழுந்தால், வாசலில் மணி அடித்தது. மஹா, தூக்க முடியாத பானையோடு. பின்னாலேயே மஹ்ஜபீன், எறால் பையோடு. அதற்குப் பின்னால் இன்னும் நாலு பேர். ஊரில் சேர்ந்து சமைப்பதென்றால் கூப்பிட்டவர் வீட்டில்தானே அடுப்பு! அவரவர் அப்படியே நினைத்துக்கொண்டு வந்து இறங்கிவிட்டார்கள். அபார்ட்மென்ட்டின் அந்த இத்துனூண்டு அடுப்படியில் ஆறு பெண்கள். இருந்த எலெக்ட்ரிக் அடுப்பில் பாதியைக் கஞ்சிப் பானையே அடைத்துக்கொண்டது. வாடா பொரிக்க வந்தவள் எண்ணெய்ச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இடித்துக்கொண்டார்கள், சிரித்தார்கள், ஒன்றும் நகரவில்லை.

"ஏன் புள்ளைங்களா, அவங்கவங்க வீட்ல செஞ்சு எடுத்துட்டு வரக் கூடாதா? ஆளுக்கு ஒரு கிச்சன் சும்மாதானே கெடக்கு!" என்று கத்தினாள் லத்தீஃபா.

"எங்க வச்சு செய்யணும்னு நீங்க சொல்லவே இல்லியே லாத்தா" என்றாள் மஹ்ஜபீன். "வேலையத்தானே பிரிச்சுக் கொடுத்தீங்க!"

லத்தீஃபா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அடி ஆத்தீ!" என்று கரண்டியைப் போட்டுவிட்டு லேப்டாப்புக்கு ஓடினாள். வேலையை எட்டாகப் பிரித்தாள், சரி. எட்டு மெஷினைக் கேட்டும் வாங்கினாள். எந்தத் துண்டு எந்த மெஷினுக்குப் போக வேண்டும் என்று சொன்னாளா? லேப்டாப் வழியாகவே ஆபீஸின் முதல் மெஷினுக்குள் போய்ப் பார்த்தாள். எட்டுத் துண்டும் அதிலேயே முட்டி மோதிக்கொண்டிருந்தன. இரண்டாவது மெஷின் வெறுமனே கிடந்தது. மூன்றாவதும் அப்படித்தான். இத்தனை நாள் உயிரை விட்டது இதற்கா!

சிஸ்டம் ஒவ்வொரு முறையும் எட்டு மெஷின்களின் பெயரையும் ஒரு ஃபைலில் எழுதித் தருகிறது. ஜாபைக் கிளப்புகிற வரியில் அந்த ஃபைலைச் சேர்த்தாள். ஒரே ஒரு வரி. மறுபடி ஓடவிட்டாள். ஒவ்வொரு மெஷினாக எட்டிப் பார்த்தாள். எட்டும் ஓடின. கண் கலங்கித் திரை மங்கலாகத் தெரிந்தது.

"மஹா, பானையத் தூக்கு, உன் வீட்டுக்கு. மஹ்ஜபீன், நீ உன் வீட்டுக்கு. அஸர் தொழுகைக்கு அப்புறம் எல்லாத்தையும் இங்க கொண்டு வந்துருங்க, சேர்ந்து ஹாலுக்குப் போவோம்" என்று ஒவ்வொருவரையும் விரட்டினாள். அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பாரூக் பார்த்தான்.

அஸர் தொழுது வந்து பார்த்தபோது ஜாப் முடிந்திருந்தது. கொல்லப்படாமல், தானாக, முழுசாக. திருமூர்த்திக்கு ரிசல்ட்டை அனுப்பிய கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"ஏனுங்க, நெசமாலுமே முடிஞ்சுருச்சுங்களா? அப்பறம் என்னங்க, உங்க கான்ட்ராக்ட நான் பாத்துக்கறேன். மண்டே காலைல வந்து கையெழுத்துப் போட்டுருங்க."

கீழே ஒவ்வொரு காராக வந்து நின்றது. பொரித்த எறால் வாடாவின் வாசம் படியேறி வந்தது. இத்தனை தட்டையும் எதில் வைத்துக் கொண்டுபோவது என்று மஹ்ஜபீன் கையைப் பிசைந்தாள்.

"மச்சான், அந்த அட்டைப்பெட்டி எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்றாள் லத்தீஃபா.

பாரூக் தயங்கினான். "எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம. ஹால்ல இறக்கினதும் அங்கேயே குப்பையில போட்டுட்டு வரணும்."