அடையாள அட்டையிலிருந்த முகம்

வங்காலையில் கருவாடு விற்ற றொசலினின் காதடியில் பன்னிரண்டு வருடமாக ஒரு கட்டி இருந்தது. நோகாததால் அவள் அதைச் சட்டை செய்யவில்லை.

தொண்ணூற்றெட்டில் ஒருநாள் சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் அடையாள அட்டையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான்.

“இது நீ இல்ல.”

“நான்தான்! கண் தெரியாதோ?” என்று கத்தினாள். கத்திய வாய் ஒரு பக்கமாகக் கோணியது. ஆமிக்காரனின் துவக்கு அவளை நோக்கி நிமிர்ந்தது.

ஓடிவந்து அவளை மீட்ட தேவாலயப் பங்குச் சாமியார், அந்த வாயைக் கண்டு நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

“கண்ணை இறுக்கி மூடுங்கோ,” என்றார் டொக்டர். வலது கண் மூடவில்லை. அதே பக்கக் காதடியில் டொக்டர் கட்டியைத் தொட, “பன்னிரண்டு வருசமா இருக்குது, நோகாது,” என்றாள் அவள்.

“இது உமிழ்நீர்ச் சுரப்பியில வந்த கட்டி. எத்தினை வருசம் எண்டது பெரிசில்லை. முகநரம்பைப் பிடிச்சிட்டுது எண்டால் பொல்லாத கான்சர், லேசில சுகப்படாது. முந்தி முகம் எப்பிடி இருந்தது?”

றொசலின் அட்டையை நீட்டினாள். டொக்டரும் மாறிமாறிப் பார்த்தார்.

இம்முறை அவள் கத்தவில்லை.

“நான்தானே, டொக்டர்?”