பின்னால் கோத்த கைகள்

முதலில் நினைவுக்கு வருவது அவருடைய கைகள்தான். கெலுகோர் கல்லூரியில் எங்களுக்குக் கணினி நிரல் எழுதக் கற்றுத்தந்த லேப் மிஸ், மாணவர் அருகே வந்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வார். மற்ற வகுப்புகளில் கூப்பிட்டால் போதும், ஆசிரியரே மவுஸை வாங்கித் திருத்திவிட்டுப் போய்விடுவார். இவரோ எதையும் தொடவே மாட்டார். எனக்கு எரிச்சலாக வரும். அந்தப் பாடத்தில் ஏற்கெனவே ஒருமுறை தோற்றவள் நான். இன்னொரு முறை தோற்றால் படிப்பு போதும், புக்கிட் தெங்கா தொழிற்சாலை வேலைக்குப் போ என்று அப்பா சொல்லியிருந்தார்.

ஒருநாள் ஐந்து பாட மதிப்பெண்களைக் கூட்டும் நிரல் எழுதினேன். விடை குறைவாகவே வந்தது. "நீயே கம்ப்யூட்டர்னு நெனச்சுக்கம்மா. ஒவ்வொரு வரியா விரல் வச்சுப் படி. இப்ப மொத்தம் எவ்ளோ?" என்றார் மிஸ். தெரியவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "பரவால்ல, மறுபடி மேலேர்ந்து வா." விரலோடு இறங்கினேன். நான்காவது மதிப்பெண்ணோடு கூட்டல் நின்றுவிடுகிறது. அதை நானேதான் கண்டுபிடித்தேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. அந்தத் தவணைத் தேர்வில் தேறிவிட்டேன்.

தவணை முடிவில் ஆசிரியரைப் பற்றி மாணவர்கள் கருத்து எழுத வேண்டும். கேட்டால் உதவ மாட்டார், சும்மா நிற்பார் என்று வகுப்பே எழுதியது. நான் நல்லபடியாகத்தான் எழுதினேன். ஒருத்தி எழுதியது எந்த மூலைக்கு? கல்லூரி அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

இப்போது அதே வேலை எனக்கு, அதே மாதிரி ஒப்பந்தம். அடுத்த வாரம் என் மாணவர்கள் என்னைப் பற்றி எழுதுவார்கள். நேற்று ஒரு மாணவி நிரல் ஓடவில்லை என்று கூப்பிட்டாள். பிசகு எங்கே என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. மேலிருந்து படிக்கச் சொன்னேன்.

"டைம் இல்லலா மிஸ். ஏஐகிட்ட கேட்டா ஒடனே திருத்திக் குடுக்குது. நீங்க ஏன் இவ்ளோ கேள்வி கேக்குறீங்க?" என்று மவுஸை என் பக்கம் தள்ளினாள். பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த வாரத்தை நினைத்துப் பயந்துபோனேன். என் கை பாதி தூரம் போயும்விட்டது. சட்டென்று இழுத்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கோத்துக்கொண்டேன். மிஸ் ஏன் அப்படிக் கோத்துக்கொண்டார் என்று அப்போதுதான் புரிந்தது. அவருக்கும் கை இப்படித்தான் முன்னே ஓடியிருக்கும்.

"மேலேர்ந்து வாம்மா" என்றேன்.

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.