இஸ்திரி வண்டியிலிருந்து அறுபது அடி

என் மகள் தினமும் பள்ளிக்கு அறுபது அடி முன்னால் சைக்கிளிலிருந்து இறங்கிவிடுகிறாள். மந்தைவெளியிலிருந்து சாந்தோம் பக்கம் திரும்பும் தெருவில் ஒரு இஸ்திரி வண்டி நிற்கும், அதன் மறைவில் நின்றால் வாசலில் நிற்பவர்களுக்கு நாங்கள் தெரியமாட்டோம். அது கண்ணில் பட்டதும் "நிப்பாட்டுங்கோ அப்பா" என்பாள். பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பாராமல் நடப்பாள். வாசலில் சிநேகிதி ஹரிணி காத்திருப்பாள். இஸ்திரி வண்டிவரை "அப்பா, சோத்துப் பெட்டி தாங்கோ" என்று கதைத்துக்கொண்டு வந்த பிள்ளை, வாசலுக்குப் போனதும் "ஏய், நேத்து ஏண்டி போன் எடுக்கல?" என்கிறாள். அந்த அறுபது அடிக்குள் அவளுடைய தமிழ் மாறிவிடுகிறது. முதல் வாரம் நான் கவனிக்கவில்லை. இரண்டாம் வாரம் கவனித்தேன். மூன்றாம் வாரத்திலிருந்து அவள் சொல்வதற்கு முன்பே நானே பிரேக் பிடிக்கத் தொடங்கிவிட்டேன்.

இலங்கையில், எங்கள் மன்னாரில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கும், எங்களைப் போல எங்கெங்கோ போய்க் குடியேறிய உங்களுக்கும் இது சின்ன விஷயமாகப் படலாம். எனக்குச் சின்ன விஷயம் என்று எதுவும் இல்லை. பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தாலே கைவேலையை நிறுத்திவிடுவேன். பெற்றோர் கூட்டம், அறிவியல் கண்காட்சி, விளையாட்டு விழா, ஆண்டு விழா என்று வரப்போவதை எல்லாம் வரிசையாகப் போடுகிறார்கள். மற்றவர்கள் கும்பிடும் கைப்படம் ஒன்றைப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். நான் அதை நாலு தரம் வாசிப்பேன். எங்கேயாவது ஒரு கடதாசி கேட்டிருக்கிறார்களா, எந்தக் கையெழுத்தில் நாங்கள் பிழை விட்டுவிடுவோம், எந்தப் பிழைக்காகப் பிள்ளையை வெளியே நில் என்பார்கள் என்று யோசித்து யோசித்தே களைத்துப்போவேன். போலீஸ் நிலையத்தில் பதிந்த அகதி அட்டையை மட்டும் நம்பி ஊரில் இருப்பவனுக்கு எந்தப் படிவமும் வெறும் படிவம் இல்லை.

பள்ளியும் புதுசு. இந்த ஜூனில்தான் திறந்தார்கள். பழைய பள்ளியில் எட்டாம் வகுப்போடு முடிந்ததால் மகளை இங்கே ஒன்பதில் சேர்த்தோம். சுவரில் இன்னும் பெயின்ட் வாசம் போகவில்லை. ஊரில் பாடசாலை என்றால் பழைய மாணவர் சங்கம் இருக்கும், பெற்றார் படித்த அதே வாங்குப் பலகையில் பிள்ளையும் இருந்து படிக்கும். இங்கே பழைய மாணவர் என்று ஒருவர்கூட இல்லை. ஆசிரியர், பிள்ளைகள், நட்ட மரக்கன்று எல்லாம் புதுசு. அதில் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது, எல்லோரும் புதுசு என்றால் நாங்களும் அதில் கலந்துவிடலாம் என்று. ஆனால் மகள் வேறு கணக்குப் போட்டிருந்தாள். வகுப்பில் ஊர் எது என்று கேட்டபோது நாகர்கோவில் என்று சொல்லிவைத்திருக்கிறாள். இதை என் மனைவி சுகந்தி ஒருநாள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். பிள்ளை எங்களைக் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். "பள்ளிக்கு வந்தா கனக்கக் கதைக்காதேங்கோ அப்பா."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இதைச் சொன்னால் இங்கே உள்ளவர்கள் படிப்பு ஏறவில்லையாக்கும் என்று நினைக்கிறார்கள். ஷெல் விழத் தொடங்கி நாங்கள் இடம்பெயர்ந்தபோது, எங்களைக் கொண்டுபோய் விட்டது ஒரு பாடசாலையில். ஒரு வகுப்பறைக்கு ஐந்து குடும்பம். எங்களுக்குக் கிடைத்த இடம் கரும்பலகைக்குக் கீழே. யாரோ ஒரு வாத்தியார் பாதியில் விட்ட கணக்கு அதில் அப்படியே இருந்தது. நாலு மாதம் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டு படுத்தேன். பள்ளிக்கூடத்தில் குடியிருந்தபோதுதான் என் படிப்பு நின்றது. பிறகு இந்தியாவுக்குப் படகு, அகதி முகாம், தையல் வேலை, சென்னை. மகள் இன்று ஒன்பதாம் வகுப்பு. நான் தொடாத வகுப்பில் அவள் இருக்கிறாள். என்னால் ஒரு பிழை வந்து, அவள் இனிமேல் போகமாட்டேன் என்று சொல்லிவிடக் கூடாது என்பதுதான் என் பயம் எல்லாம்.

அப்படி இருக்கும்போது ஒரு செய்தி வந்தது. பள்ளியின் முதல் ஆண்டு விழா வருகிறது, அதற்கு முந்திய வாரம் சனிக்கிழமை காலை வளாகத்தைத் தூய்மை செய்யும் நிகழ்வு, பெற்றோர் திரளாகக் கலந்துகொள்ள வேண்டும் என்று. அதை மட்டும் ஒரே தரம்தான் வாசித்தேன். இது எனக்குத் தெரிந்த வேலை. சிரமதானம். எங்கள் பாடசாலையில் விழா வருகிறது என்றால் தகப்பன்மார் மண்வெட்டியோடு வருவார்கள், தாய்மார் கிடாரத்தில் தேத்தண்ணி வைப்பார்கள், இங்கே ஹெட்மாஸ்டர் என்கிறார்களே, அந்த அதிபர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல் சுமப்பார். படித்தவன் படியாதவன் எல்லாருக்கும் கையில் ஒரே மண். கையெழுத்து வேண்டாம், இங்கிலீசு வேண்டாம், கனக்கக் கதைக்கவும் வேண்டாம். என் மகளுடைய பள்ளிக்கு என்னால் குடுக்கக்கூடியது இதுதான் என்று நினைத்தேன்.

தி.நகரில் ஒரு துணிக்கடையின் ஆல்ட்ரேஷன் பிரிவில் இருக்கிறேன். பேன்ட் உயரம் குறைப்பது, பிளவுஸ் கை பிடிப்பது. சனிக்கிழமை லீவு என்றதும் திருநெல்வேலிப் பக்கத்து சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "சனிக்கிழமையும் அதுவுமா பள்ளிக்கூடத்துல ஒமக்கு என்னவே சோலி?" என்றார். மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். பக்கத்து வீட்டுக் கொத்தனாரிடம் மண்வெட்டி வாங்கினேன். ஒரு பழைய சேர்ட், இங்கே லுங்கி என்கிற நீலச் சாரம். மண்வேலைக்கு யாராவது நல்ல உடுப்பு உடுத்துவார்களா? மகள் நடன ஒத்திகை என்று முன்னமே போய்விட்டாள். மண்வெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நான் போனேன். அன்று இஸ்திரி வண்டியருகே நிற்காமல் நேராக வாசலுக்கே போனேன்.

காவலாளி என்னையும் மண்வெட்டியையும் மேலும் கீழும் பார்த்தார். "இன்னா நைனா, ஆள் அனுப்புறோம்னு சொல்லி மூணு நாளாச்சு, இப்பத்தான் வரியா? பின்னாடி கேட்டாண்ட போ, கஸ்தூரி கீது, காட்டும்" என்றார். எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை. சிரமதானத்தில் வந்தவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது வழக்கம்தானே. ஆள் அனுப்புவது என்றதை, குடும்பத்துக்கு ஒரு ஆள் என்று எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். மோட்டார் அறைக்குப் பக்கத்தில் மழைத்தண்ணி ஓடுகிற கால்வாய் அடைத்துக் கிடந்தது. கட்டட வேலையில் கொட்டிய சிமெந்துக் கட்டி, இலை, பிளாஸ்டிக். கஸ்தூரி அக்கா அந்தப் பள்ளியின் துப்புரவு வேலை பார்ப்பவர். நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வெட்டத் தொடங்கினேன். ஒரு மணி நேரம் நல்லாகத்தான் இருந்தது. வியர்வை வந்தால் எனக்குப் பயம் குறையும்.

இடையில் அக்கா கேட்டார், எந்தக் கம்பெனி ஆள் என்று. நான் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் தகப்பன் என்றேன். அவர் துடைப்பத்தைக் கீழே வைத்தார்.

"தோ பாரு, காலங்காத்தால காமெடி பண்ணாத. பேரண்ட்ஸ்லாம் முன்னாடி டீ சர்ட்டு போட்டுக்கினு, தொடப்பத்தோட போட்டோ புடிச்சிக்கினு கீறாங்க. நீ இன்னாடான்னா சாக்கடைல கீற."

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். முன்முற்றத்தில் ஒரே நிறச் சட்டை போட்ட பெற்றோர், கையில் புதுத் துடைப்பம், கையுறை. ஏற்கெனவே கூட்டிவைத்த தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மேசையில் காப்பியும் போண்டாவும். அங்கே போகலாமா என்று என் சாரத்தைப் பார்த்தேன். முழங்கால்வரை சேறு. பெற்றோர் வந்தால் வேலை செய்யத்தான் என்று எங்கள் ஊரில் எனக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள், இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று அக்காவிடம் சிரிப்பாகச் சொல்லப்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஓசில செய்ய ஆளு கீதுன்னா, அப்பறம் என்னிய எதுக்கு வெச்சிக்குவாங்க? யோசிச்சியா?" என்றார். நான் அதை யோசிக்கவே இல்லை. ஊரில் பாடசாலை கூட்டுவதற்கென்று ஒரு ஆள் வைத்து நான் கண்டதில்லை. நல்லது செய்ய வந்த இடத்திலும் ஒருவருடைய சோற்றில் கைவைத்துவிட்டேனோ என்று அதற்கும் சேர்த்துக் கவலைப்படத் தொடங்கினேன். பாதியில் விடவும் முடியாது, தண்ணி தேங்கிவிடும். இருவருமாகச் சேர்ந்து மீதியை இழுத்தோம்.

அப்போதுதான் ஒத்திகை முடிந்த பிள்ளைகள் தண்ணிக் குழாய்க்கு வந்தார்கள். முன்னால் ஹரிணி. குழாயைத் திருகிவிட்டு என்னைப் பார்த்து, "அண்ணா, தண்ணி வரல, மோட்டர் போடுறீங்களா?" என்றாள். "பொறு பிள்ளை, போடுறன்" என்று வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "அண்ணா, நீங்க கேரளாவா?"

கடையில் தினமும் பத்துப் பேர் இதைக் கேட்கிறார்கள். ஒவ்வொரு தரமும் இல்லை, மன்னார், இலங்கை என்று திருத்துவேன். இத்தனை வருடத்தில் ஒருநாளும் சலித்துப்போய் அப்படியே விட்டதில்லை. ஆனால் ஹரிணிக்குப் பின்னால் சலங்கையைக் கையில் பிடித்தபடி என் மகள் நின்றாள். அவள் முகத்தில் நான் பார்த்தது வெட்கம்கூட இல்லை. பரீட்சைத் தாளை வாங்கியதும் கேள்வி ஒன்றும் தெரியாத பிள்ளையின் முகம்.

"ஆமாம்மா, கேரளா" என்றேன் இந்த ஊர்த் தமிழில்.

ஹரிணி மகளிடம் "பாத்தியா, கரெக்டா கண்டுபுடிச்சேன்ல" என்றாள். தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். மகள் குடிக்கவில்லை. அவர்கள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்த கஸ்தூரி அக்கா, "உன் பொண்ணா அது? மூஞ்சி அப்டியே உன்னுது கீது. அப்பறம் எதுக்குயா கேரளான்ன?" என்று கேட்டார். மண்வெட்டியைக் கழுவினேன், அதுதான் செய்ய இருந்தது. அவர் முன்பக்கம் போய் இரண்டு போண்டாவைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். "துன்னு. பேரண்ட்ஸுக்குத்தான் குடுக்குறாங்க" என்றார்.

பின்னேரம் குழுவில் படங்கள் வந்தன. பெற்றோரின் அரும்பணிக்கு நன்றி என்று எழுதி, கீழே கும்பிடும் கைகள். சுகந்தி ஒவ்வொரு படத்தையும் விரித்துப் பார்த்தாள். ஒன்றில், முன்முற்றத்துக் கூட்டத்துக்குப் பின்னால், சுவரோரம் ஒரு மண்வெட்டிப் பிடியும் நீலச் சாரத்தின் ஒரு துண்டும் தெரிந்தன. "ஆர் உங்களைச் சாரத்தோட போகச் சொன்னது?" என்று ஏசினாள். பிறகு, நல்ல காலம் முகம் விழவில்லை என்றாள். மகள் இரண்டு நாள் எங்களோடு கதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைத் திறந்தபடி வைத்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை போகமாட்டேன் என்று சொல்லப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அப்படிச் சொன்னால் என்ன சொல்வது என்று பத்து விதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். பத்தும் எனக்கே சரியாகப் படவில்லை.

திங்கட்கிழமை அவள் சீருடை போட்டுக்கொண்டு வந்து சைக்கிளில் ஏறினாள். இஸ்திரி வண்டி வந்ததும் நான் பழக்கத்தில் பிரேக் பிடித்தேன்.

"நிப்பாட்டாதேங்கோ. ஓட்டுங்கோ" என்றாள்.

வாசலில் ஹரிணி நின்றாள். மகள் இறங்கி, பையை மாட்டிக்கொண்டு, தேவைக்கு மேல் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். "அப்பா, வீட்டுத் திறப்பு குசினிக்க கிடக்கு, அம்மாட்டச் சொல்லுங்கோ. பின்னேரம் ரிகர்சல், ஆறு மணிக்கு வாங்கோ."

ஹரிணி என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "ஏய், இவரு..."

"எங்கட அப்பா. மன்னார்."

"மன்னார்குடியா?"

"இல்லடி, சிலோன். அப்பறம் சொல்றேன், வா."

அவ்வளவுதான். இருவரும் உள்ளே போனார்கள். ஹரிணி நாலு அடி போய்த் திரும்பி, என்ன செய்வது என்று தெரியாமல் எனக்கு ஒரு வணக்கம் வைத்தாள். காவலாளி ஸ்டூலிலிருந்து எழுந்து, "யோவ், நீ பேரண்டா? சொல்ல வேணாமா?" என்றார். அவர் முகத்தில் கோபமா சங்கடமா என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று தெரியவில்லை, இந்த ஊரில் எனக்கு முதலில் வாயில் வருவது அதுதான். திரும்பி வரும்போது சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டு நடந்தேன். மகள் அந்த இரண்டு நாளும் என்ன யோசித்தாள் என்று நான் கேட்கவில்லை. நான் அவளுக்காகச் சொன்ன பொய்யை அவளால் தாங்க முடியவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இனி வகுப்பில் யார் என்ன கேட்பார்கள், அவள் என்ன சொல்லிச் சமாளிப்பாள் என்று அடுத்த கவலை அந்த அறுபது அடிக்குள்ளேயே தொடங்கிவிட்டது.

வரும் வெள்ளிக்கிழமை ஆண்டு விழா. குடும்பத்துக்கு இரண்டு பாஸ் குடுத்திருக்கிறார்கள். முன்வாசலால் வர வேண்டும், உட்காருகிற கதிரைக்கு இலக்கம் உண்டு. என் பாஸில் பெயரை மகள் தன் கையால் எழுதியிருக்கிறாள். நேற்று அவளைக் கூட்டிவரப் போனபோது பின்வாசலில் கஸ்தூரி அக்கா கைகாட்டிக் கூப்பிட்டார். முன்னால் இருப்பவர்களுக்குத் தலைகள்தான் தெரியும், மோட்டார் அறைப் பக்கம் என்னோடு உனக்கும் ஒரு சேர் போட்டுவைக்கிறேன், அங்கிருந்து மேடை அப்படியே தெரியும், கால்வாயும் இப்போது நாறவில்லை என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சரி அக்கா என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து மகளிடமும் சரி, முன்வாசலால் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சுகந்தி என் நீளக் காற்சட்டையை இஸ்திரிக்குக் குடுத்து வாங்கி ஆணியில் மாட்டியிருக்கிறாள். பக்கத்துக் கொடியில் தோய்த்த சாரம் காய்கிறது. அந்தப் பள்ளியில் வெள்ளிக்கிழமை எனக்கு இரண்டு கதிரைகள் காத்திருக்கும். எதில் இருந்தாலும் மற்றது வெறுமையாகக் கிடப்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.