உள்ளே அடுப்பு, வெளியே செருப்பு

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் தக்காளி ஏலம் கூறுகிறவன் நான், பெஞ்சமின். முப்பது வருடமாக இந்தத் தொண்டைதான் எனக்குச் சோறு போடுகிறது. அதே தொண்டையால் நான் தோற்ற கதையை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவன் சொன்னால் மசாலா சேர்த்துவிடுவான்.

என்னைத் தோற்கடித்தவள் முத்துசெல்வி. குத்துக்கல்வலசையிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். பத்தொன்பது வயதில் தக்காளி தரம் பிரிக்க வந்தவள், நாற்பத்தாறு வயதில் எங்கள் கமிஷன் கடையில் எடை போடுகிறாள். அவள் "நாப்பத்திரண்டரை" என்று சொல்லிவிட்டால் எந்த வியாபாரியும் தராசைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வாய் மட்டும் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும்.

ஏலம் முடிந்த மதியத்தில் நாங்கள் ஆறு பேர் சாக்கு விரித்துச் சீட்டாடுவோம். புளியங்கொட்டைதான் பந்தயம். டெம்போ ஓட்டும் பெலிக்ஸ் போனில் பார்த்து போக்கர் ஆட்டத்தைக் கொண்டுவந்தான். ஐந்து சீட்டில் யாருக்கு நல்ல சேர்க்கை அமைகிறதோ அவனுக்கு ஜெயம்; வேண்டாத சீட்டை ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அவன் சொன்ன இங்கிலீஷ் பெயர் ஒன்றுகூட எங்கள் வாயில் நுழையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்த முத்துசெல்விதான் பெயர் வைத்தாள்.

ஒரே மாதிரி இரண்டு சீட்டு வந்தால் செருப்பு. அப்படி இரண்டு சோடி வந்தால் விருந்தாளி. வாசலில் இரண்டு சோடி கிடந்தால் வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது என்று அர்த்தமாம். ஒரே மாதிரி மூன்று வந்தால் அடுப்பு, மூன்று கல் இருக்கிறதே. வரிசையாக ஐந்து எண் வந்தால் செங்கோட்டை வண்டி, ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக. மூன்று ஒரு மாதிரியும் இரண்டு ஒரு மாதிரியும் வந்தால் என்ன என்று கேட்டோம்.

"உள்ள அடுப்பு, வெளிய செருப்பு. அப்ப அது வீடுல்லா" என்றாள்.

விருந்தாளியை அடுப்பு வெல்லும், அடுப்பை வண்டி வெல்லும், வண்டியை வீடு வெல்லும். ஒரே மாதத்தில் சந்தை முழுக்க இந்தப் பேச்சாகிவிட்டது.

இன்னொரு சட்டம் நாங்களே வைத்தது. ஏலத்தில் வாயில் வந்த விலைதான் விலை. சீட்டிலும் அப்படியே. எதை வாயால் சொல்கிறோமோ அதுதான் நம் சேர்க்கை. சீட்டில் அதைவிடப் பெரியது இருந்தாலும் செல்லாது.

வருடத்துக்கு ஒரு ஞாயிறு, சீசனில், வேன் பிடித்துக் குற்றாலம் போய் ஐந்தருவியில் குளித்துவிட்டு, ரூம் போட்டுப் பொழுது சாயும்வரை ஆடுவோம். இந்த ஆனியில் மூட்டை தூக்கும் பிச்சைமணிக்கு முழங்கால் வீங்கியதால் ஓர் இடம் காலி. முத்துசெல்வி நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, அந்த எடத்துக்கு நான் வாறேன்."

"பேரு வச்சாப் போதுமா? ஆடத் தெரியணும்லா" என்று சிரித்துத் தொலைத்தேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "மூணு வருசமா உங்க ஆட்டத்தப் பாக்குதேன். அடுப்பு, வீடு எல்லாம் என் வாயில வந்த பேரு. ஒருநாளாவது என்னைய உக்காருன்னு சொன்னியளா? நீங்களும் நானும் ஒரே ஆட்டம். செயிச்சா குத்தாலத்துக்கு வாறேன். தோத்தா இந்தச் சாக்குப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

சந்தையே கூடிவிட்டது. பின்னால் நின்றவர்கள் தக்காளிப் பெட்டிமேல் ஏறிக்கொண்டார்கள். பெலிக்ஸ் கலைத்துப் போட்டான். எனக்கு மூன்று ராஜா. வேண்டாத இரண்டைப் போட்டுவிட்டுப் புதிதாக இரண்டு வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். அவள் ஒன்றை மட்டும் மாற்றினாள். நான்கைப் பிடித்து வைத்திருக்கிறாள் என்றால் விருந்தாளிதான், வேறென்ன என்று முடிவு கட்டினேன். புதுச்சீட்டைப் பார்த்துவிட்டு அவள் முந்தானையால் நெற்றியைத் துடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுச்சீட்டு இரண்டையும் புரட்டாமலே ஏலக் குரலில் கூவினேன்.

"அடுப்பு. மூணு ராசா."

அவள் ஒவ்வொன்றாக வைத்தாள். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது.

"செங்கோட்டை வண்டி" என்றாள். குரலே எழும்பவில்லை.

அவசரமாக என் இரண்டு சீட்டையும் புரட்டினேன். இரண்டும் நாலு.

"ஏலே, பாருங்கலே, வீடு. என் கையில வீடுலே இருக்கு" என்று கத்தினேன். பெலிக்ஸ் தரையைப் பார்த்தான்.

முத்துசெல்வி கத்தவில்லை. "அண்ணாச்சி, காலையில ஒருத்தன் வெலையச் சொல்லி முடிச்சிட்டு, இப்பதான் பெட்டியத் தொறந்தேன், நல்ல காயா இருக்கு, கூடத் தாங்கன்னா விடுவியளா?"

விடமாட்டேன். அப்படிக் கேட்டவனை எல்லோர் முன்னாலும் வைத்து வைது அனுப்பியிருக்கிறேன். சீட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்கு வேன்" என்றேன். அவள் எடைமேடையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து, ஆறாவது ஆளாகப் பாயில் உட்கார்ந்தாள். முதல் ஆட்டத்திலேயே பெலிக்ஸ் அவசரப்பட்டு, வீட்டை வைத்துக்கொண்டு அடுப்பு என்று சொல்லிவிட்டான். இந்தத் தப்புக்கு மட்டும் எங்களிடம் பெயர் இல்லை. எல்லோரும் முத்துசெல்வியைப் பார்த்தார்கள். அவள் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இது பெஞ்சமின்" என்றாள்.

போன வாரம் ராயகிரியிலிருந்து காய் கொண்டுவந்த ஒருவன், வேறு கடையில் அவசரப்பட்டுக் குறைந்த விலை சொல்லிவிட்டு, நான் யாரென்றே தெரியாமல், என்னிடமே வந்து தலையில் அடித்துக்கொண்டான்.

"காலையிலேயே ஒரு பெஞ்சமின் போட்டுட்டேன் அண்ணாச்சி."