மூன்று நாள் வெறும் வயிறு

பெங்களூருக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தவர்கள், நோயே இல்லாமல் என்னைத் தேடி வந்தவர்கள்தான். கோவில்பட்டியில் நான் டாக்டராக இருந்தவரை, எழுந்து நடக்க முடிந்த எவரும் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இங்கே, அல்சூர் பக்கம் நான் சேர்ந்த கிளினிக்கில், டை கட்டிய இளைஞர்கள் வரிசையில் நின்று, "டாக்டர், ஆப்பிரிக்கா போறேன், ஊசி போடுங்க" என்று கையை நீட்டினார்கள். தொண்ணூறுகளின் கடைசி அது. போகிறவர்களுக்குத் தடுப்பூசி, திரும்பி வருகிறவர்களுக்கு வயிற்று வைத்தியம். பயண மருத்துவம் என்று வாசல் போர்டில் எழுதியிருந்தது. "அப்போ பஸ் ஸ்டாண்டுலயா உக்காந்திருக்க?" என்று என் அக்கா போனில் கேட்டாள்.

கன்னடம் கற்றே தீருவது என்று எனக்கு ஒரு வைராக்கியம். எங்கள் நர்ஸ் செல்வி பக்கத்திலுள்ள மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவள். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடித்துவிடுவாள். அவள் உதவிக்கு வந்தால் எனக்கு ரோஷம் வந்துவிடும். "நானே பேசிக்கறேம்மா" என்பேன்.

அந்த ரோஷம் மாட்டிக்கொண்டது நஞ்சப்பாவிடம். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஆறு மாதப் பயிற்சிக்கு அவரை ஜெர்மனிக்கு அனுப்பக் கம்பெனி தயாராக இருந்தது. உடம்பு சரியாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கோ எழுதப் பயம். சில வாரங்களாக அவருக்கு வயிற்றெரிச்சல். ஒருமுறை மலம் கறுப்பாகப் போனதாகச் சொன்னார். உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம். பாஷை தெரியாத ஊரில் அது உடைத்துக்கொண்டால் என்ன ஆவது? குழாய்விட்டு வயிற்றைப் பார்த்துவிடலாம், நாளைக் காலை வெறும் வயிற்றோடு வாருங்கள் என்றேன்.

மறுநாள் எட்டு மணிக்கு வந்து நின்றார். சென்ற வாரம் கற்ற கன்னடத்தை எடுத்துவிட்டேன். "ஊட்டா ஆய்த்தா?" சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம்.

"ஆய்த்து சார்" என்றார், புன்னகையோடு.

தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக, காரணம் சொல்லக் கன்னடம் போதாமல், நாளைக்கு வரச் சொல்லி மட்டும் அனுப்பினேன். அடுத்த நாளும் அதே கேள்வி, அதே புன்னகை, அதே பதில். மூன்றாம் நாள் மனைவி கௌரம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். நஞ்சப்பாவின் முகம் வெளுத்திருந்தது.

"ஊட்டா ஆய்த்தா?"

"ஆய்த்து சார்."

என் கன்னடம் பறந்தது. "யோவ், எத்தனை தடவைய்யா சொல்றது!" என்று சுத்தத் தமிழில் கத்திவிட்டேன். உடனே கௌரம்மா கன்னடத்தில் பொரிந்து தள்ளத் தொடங்கினார். ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடவில்லை. கதவருகில் நின்ற செல்வி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"சார், மூணு நாளா காலைல பச்சத் தண்ணிகூட அவர் வாயில படலியாம். வந்தவங்கள மரியாதைக்குக் கேக்கற கேள்வி சார் அது. இல்லேன்னு சொன்னா நீங்க டிபனுக்கு ஆள் அனுப்புவீங்களோன்னு கூச்சப்பட்டு ஆச்சுன்னாராம்."

"அப்புறம் நான் எதுக்குத் திருப்பி அனுப்பினேன்னு நினைச்சாராம்?"

"மொதல் நாளு மெஷினு ரிப்பேருன்னு நெனச்சாராம். நேத்து உங்களுக்கே ஒடம்பு சரியில்லன்னு."

எங்கள் ஊரிலும் படியேறி வந்தவரிடம் முதலில் அதைத்தானே கேட்கிறோம்? கொலைப்பட்டினி கிடந்தாலும் "ஆச்சு" என்றுதானே நானும் சொல்லியிருக்கிறேன்? சொல்லைக் கற்றவன் அதனுள் இருந்த மரியாதையைக் கற்கவில்லை.

சோதனையில் சிறுகுடலின் தொடக்கத்தில் ஒரு புண் தெரிந்தது; ரத்தம் கசிந்த தழும்போடு. பயணத்தைத் தள்ளிப்போடும்படி கம்பெனிக்கு எழுதிவிட்டு, அவர் கட்டிலருகே போய் நின்றேன். இதைக் கன்னடத்தில் எப்படிச் சொல்வது என்று நான் திணற, அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தமிழ்லயே சொல்லுங்க சார், பரவால்ல" என்றார்.

"தமிழ் தெரியுமா?"

"எங்க ஃபேக்டரில பாதிப்பேரு தமிழாளுங்கதான சார். நீங்க அவ்ளோ ஆசையா கன்னடம் பேசினீங்க, கெடுக்க வேணாம்னு சும்மா இருந்தேன்."

மருந்து முடிந்து, புண் ஆறி, இரண்டு மாதம் தாமதமாக நஞ்சப்பா ஜெர்மனி போனார். பிறகொரு பொங்கலுக்கு நான் கோவில்பட்டி போனேன். ஊரைவிட்டுக் கிளம்பி ஐந்து வருடம் ஆகியிருந்தது. அக்கா சமைத்ததை ஆசை தீரச் சாப்பிட்டேன். மறுநாள் விடிவதற்குள் ஆறு முறை கொல்லைப்பக்கம் போய்வந்தேன். ஊருக்குப் புதிதாக வந்திருந்த இளம் டாக்டர் ஒருவரிடம் மாமா கூட்டிப்போனார்.

"சாருக்கு எந்த ஊரு?" என்றார் டாக்டர்.

இதே தெருதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "பெங்களூரு" என்று வந்தது.

"அதான் பாத்தேன். வெளியூர்க்காரங்களுக்கு நம்ம தண்ணி சட்டுனு ஒத்துக்காது" என்று ஆறுதலாகச் சொல்லி மாத்திரை எழுதினார். அவர் சொன்னது வைத்திய முறைப்படி முற்றிலும் சரி.

அன்று முழுவதும் நான் பிறந்த வீட்டின் கூடத்தில் படுத்துக் கிடந்தேன். அடுக்களையில் வீட்டுக்கெல்லாம் ஒரு தவலைத் தண்ணீர் இருந்தது. அதற்கு எட்டத் தள்ளி, எனக்கு மட்டும் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரை ஒரு ஃப்ளாஸ்கில் ஊற்றி வைத்திருந்தாள் அக்கா. குடிக்கப் போன தன் மகளை அவள் தடுப்பது கேட்டது.

"ஏட்டி, அதத் தொடாத. அது விருந்தாளித் தண்ணி."