சாம்பிராணி கெடுத்த புகார்

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கே பின்புறத்து ரசாயன ஆலையின் நாற்றம் வீட்டுக்குள் வந்துவிட்டது. அழுகிய முட்டைக்கோஸில் பெயின்ட் கலந்த மாதிரி. எட்டு வயது மகள் நிலாவுக்கு மூச்சிரைப்பு. இன்ஹேலரைக் கொடுத்துவிட்டு, பொறுத்தது போதுமென்று மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குக் கிளம்பினேன்.

எங்கள் ராமச்சந்திராபுரத்திலிருந்து லிங்கம்பள்ளி ரயில் நிலையம் ஐந்து கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். 8.40 லோக்கலில் பேகம்பேட்டுக்குப் பத்து ரூபாய், நாற்பது நிமிடம். வழிநெடுக மனைவி செல்விக்குப் போன் போட்டு, "இன்னும் நாறுதா?" என்று கேட்டுக்கொண்டே போனேன். எதிர் சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்!

அங்கிருந்த ஆய்வாளர் தேவராஜ், செகந்திராபாத் ரயில்வே காலனியில் வளர்ந்த தமிழர். "ஹவ் சார், ஆமா, கம்ப்ளெயின்ட் எழுதிக்கலாம். ஆனா வாசனை இருக்கும்போதே நான் மோந்து, மீட்டர்லயும் பிடிச்சாத்தான் ஆலைக்கு நோட்டீஸ் போகும்," என்றவர், உடனே ஜீப்பை எடுக்கச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஆபீசர் வர்றார்" என்று செல்வியிடம் சொல்லிவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

11.40க்குக் கதவைத் திறந்தால் வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகை! பின் ஜன்னலைச் செல்வி சாத்தியிருந்தாள். நிலா இருமிக்கொண்டிருந்தாள். மீட்டர் வீல் வீலென்று கத்தியது.

"அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்ட?"

"ஆபீசரு வாராருன்னீங்க. நாறுத வீட்டுலயா அவரை உக்கார வைக்கது?" திருநெல்வேலிக்காரி கண்கலங்கிவிட்டாள்.

"இது நக்கோ அம்மா, வேணாம்," என்றார் தேவராஜ். "இதை எழுதினா, உங்க வீட்டுப் புகையாலதான் குழந்தை இருமுதுன்னு ஆலைக்காரன் சொல்லிடுவான்."

புகை அடங்க அரைமணி ஆனது. அதற்குள் காற்று திரும்பிவிட்டது. மொட்டைமாடியில் நின்று நானும் அவரும் மாறி மாறி மோந்து பார்த்தோம், ஒன்றுமில்லை. 12.30க்கு ஜீப் கிளம்பியபோது எனக்கு அழுகையே வந்தது.

உங்களில் யாராவது இப்படிப் புகார் கொடுக்கப் போவதாக இருந்தால்: நாற்றம் வரும் நேரத்தையும் காற்றின் திசையையும் தினமும் எழுதி வையுங்கள். ஆய்வாளரின் போன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அவர் வரும் வரை ஊதுபத்திகூட ஏற்றாதீர்கள். விருந்தாளி என்று நினைக்கவே நினைக்காதீர்கள்.

ஒரு மணிக்கு நிலா ஓடிவந்து தெலுங்கில் கத்தினாள். "அப்பா, மள்ளி வாசன வச்சிந்தி!" நாற்றம் மறுபடி வந்துவிட்டதாம். தேவராஜைப் போனில் பிடித்தேன். சந்தாநகர் தாண்டிவிட்டாராம். "திரும்பி வரேன். ஜன்னலைத் திறந்தே வைங்க."

நிலாவைச் செல்வியோடு நாலு தெரு தள்ளித் தெரிந்தவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எரியும் கண்களோடு அந்த ஜன்னலடியில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, இந்த நாற்றம் போய்விடக் கூடாதே என்று பயந்தேன்.