என் ரிசப்ஷனில் மாமா ஆடிய ஆட்டம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆவணி மாதம். உத்திரமேரூர் பேருந்து நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கும் கல்யாண மண்டபத்தில் எனக்கு ரிசப்ஷன். எங்கள் பக்கம் இப்போதெல்லாம் முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலையில் முகூர்த்தம் என்று வழக்கமாகிவிட்டது. அதாவது, நான் சொல்லப்போகும் கூத்து நடந்தபோது என் கழுத்தில் இன்னும் தாலி ஏறவில்லை.

எனக்குச் சொந்த ஊர் திருப்புலிவனம். அப்போது உத்திரமேரூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். எனக்குப் பார்த்த மாப்பிள்ளைக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு போனில் பேச ஆரம்பித்தோம். நகை, சீர் என்று அவர் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. அவர் மட்டும் ஒன்றே ஒன்று கேட்டார். ரிசப்ஷன் மேடையில் நாங்கள் இருவரும் ஒரு ஸ்விங் பாட்டுக்கு ஆட வேண்டும்.

ஸ்விங் என்றால் எனக்குக் கிரிக்கெட் பந்துதான் தெரியும். அவர் விளக்கினார். அமெரிக்காவில் நம் கொள்ளுத்தாத்தா காலத்து பேண்டு இசையாம். டிரம்பெட், சாக்ஸபோன், டிரம்ஸ் எல்லாம் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடும். சென்னையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு கூட்டம் கூடி இதற்கு ஆடுகிறது, அதில் அவரும் ஒருவர். வீடியோ அனுப்பினார். ஒருத்தர் காலில் எறும்பு ஏறியது போல உதறுகிறார். இன்னொருத்தர் வரப்பில் வழுக்கி விழப்போகிறார், ஆனால் விழாமல் சிரிக்கிறார். ஒரு பெண் பின்னங்காலால் யாரையோ எட்டி உதைக்கிறாள்.

"ஆளுக்கு ஒரு மாதிரி ஆடுறாங்களே, இதுல எது சரி?" என்று கேட்டேன். எல்லாமே சரிதான் என்றார். அந்தப் பதில்தான் என்னைப் படுத்தி எடுத்தது. எது சரி என்று தெரிந்தால் உட்கார்ந்து பழகிவிடலாம். எல்லாமே சரி என்றால் மனுஷி எதைப் பழகுவது?

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போனது. லேபில் ரத்தக் குழாய்களைச் சுற்றும் மிஷினில் போட்டுவிட்டு, அது சுற்றி முடிப்பதற்குள் மேஜைக்குப் பின்னால் நின்று காலை முன்னே பின்னே வைத்துப் பார்ப்பேன். பேருந்தில் நின்றுகொண்டே வருவேன், பாதம் தானாகத் தட்டும். ராத்திரி படுத்தால் கட்டில் ஆடும். அம்மா, "காலாட்டாதடி, கல்யாணம் ஆவப் போற பொண்ணு" என்று தொடையில் ஒரு அடி வைப்பார். ஆனால் பாட்டைப் போட்டுவிட்டு நிஜமாகவே ஆட நின்றால் மட்டும் அந்தக் கால் அசையாது. சும்மா இருக்கும்போது ஆடுகிற கால், ஆடச் சொன்னால் சும்மா இருந்தது.

என் தாய்மாமாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அம்மாவின் தம்பி, பழையசீவரத்துக்காரர். நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறார். நல்ல உயரம், சத்தமான குரல். சுற்று வட்டாரத்தில் எங்கே பெரிய சாவு விழுந்தாலும் மாமாவுக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் பேரன் பேத்தி எடுத்து நிறைவாகப் போனவர்களை ஆட்டம் பாட்டத்தோடுதான் அனுப்பிவைப்போம். பேண்டு செட்டு ஊத, பாடைக்கு முன்னால் மாமா ஆடுவார். துண்டின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, பாடையைப் பார்த்தபடியே பின்பக்கமாக அடிவைத்து, வழியெல்லாம் பூவை வாரி இறைத்துக்கொண்டு போவார். அழுதுகொண்டிருப்பவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துவிட்டு ஒரு நிமிஷம் பார்ப்பார்கள். அந்த ஆட்டம் ஒன்றுதான் அவருக்குத் தெரியும். அதைச் சாவைத் தவிர வேறெங்கும் அவர் ஆடியது கிடையாது.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, சர்க்கரைப் பரிசோதனைக்கு லேபுக்கு வந்த மாமா என் தத்தளிப்பைப் பார்த்துவிட்டார்.

"இன்னா பாப்பா, கால வச்சிகினு இன்னா பேஜார் பண்ணிகினு கீற?"

வீடியோவைக் காட்டினேன். போனைக் காதோரம் வைத்துக்கொண்டு கேட்டார்.

"டிரம்பெட்டு சோக்கா கீது. நம்ம செட்டுக்காரன் ஊதுற மாதிரியே ஊதுறாம்பா" என்று சொல்லிவிட்டு, ஊசி குத்திய விரலைச் சப்பிக்கொண்டே போய்விட்டார்.

ரிசப்ஷன் அன்று மண்டபம் நிறைந்திருந்தது. மாப்பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் ஒரு வேனில் வந்து இறங்கியது. எங்கள் ஊர் ஆட்கள் முன்வரிசையில் சாப்பாட்டுப் பந்தி எப்போது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மணிக்கணக்கில் நின்று கால் மரத்திருந்தது. போட்டிருந்த லெஹங்கா ஒரு மூட்டை நெல் கனம். மைக்கில் எங்கள் ஆட்டத்தை அறிவித்தார்கள். பாட்டு ஆரம்பித்தது.

அவர் கையை நீட்டினார். பிடித்தேன். அவர் இழுத்தார், நான் போகவில்லை. சுழற்றப் பார்த்தார், நான் சுழலவில்லை. எத்தனை நாள் மறைந்து மறைந்து பழகியது, ஓர் அடி ஞாபகம் வரவில்லை. எதிரே அத்தனை பேரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கேட்டது. அப்புறம் இன்னொன்று. அவர் மெல்லிய குரலில், "பரவால்ல, சும்மா நில்லு, நான் ஆடுறேன்" என்றார். அந்தக் கரிசனம் என்னை இன்னும் கொன்றது. இப்படியே கீழே விழுந்து செத்துவிட மாட்டோமா என்று இருந்தது.

அப்போதுதான் விசில் சத்தம். மாமா! பந்தி பரிமாற இடுப்பில் கட்டியிருந்த துண்டை உருவி, முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மேடைக்கு முன்னால் குதித்தார். முட்டி மடங்கியது, தோள் குலுங்கியது. டிரம்பெட் ஏற ஏற இவரும் ஏறினார். ஸ்பீக்கரில் வந்த டிரம்ஸ் எங்கே விழப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தவர் போலச் சரியாக அங்கே கால் வைத்தார். வேனில் வந்த கூட்டம் "ஹோ" என்று கத்திக்கொண்டு எழுந்து ஓடிவந்தது. கண்ணாடி போட்ட ஒரு பெண் மாமா பக்கத்தில் நின்று அதே மாதிரி தோளைக் குலுக்கினாள். இன்னொருவன் துண்டில்லாததால் தன் டையைப் பல்லில் கடித்துக்கொண்டான். எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் கும்மி கொட்ட ஆரம்பித்தார்கள். அது எந்த நாட்டு ஆட்டம் என்று யார் பார்த்தாலும் சொல்லியிருக்க முடியாது. ஒரு போன்கூட என் பக்கம் இல்லை. எனக்கு மூச்சு வந்தது.

மாமா அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது. வரவேற்புத் தட்டில் இருந்த ரோஜா இதழை ஒரு கை அள்ளினார். மேடையில் எங்கள் இருவரையும் பார்த்தபடியே, பின்பக்கமாக அடிவைத்து, பூவைத் தரையில் இறைத்துக்கொண்டே நடுவழியில் வாசலை நோக்கிப் போக ஆரம்பித்தார்.

மண்டபத்தில் பாதிப் பேருக்கு அது என்னவென்று புரிந்தது. கும்மி கொட்டிய கைகள் அப்படியே நின்றன. வேனில் வந்தவர்களுக்கு மட்டும் புரியவில்லை, அவர்களும் பூவை அள்ளிக்கொண்டு பின்பக்கமாக நடந்தார்கள்.

"நிறுத்துங்கடா பாட்ட!"

வாலாஜாபாத்தில் இருக்கும் மாப்பிள்ளையின் அத்தை. அவர் வீட்டில் எந்த நல்லது கெட்டதும் இந்த அம்மாவின் வாயிலிருந்து வந்தால்தான் நடக்கும். "மேல நின்னுகினு கீறது பொண்ணு மாப்ளையா, பொணமா? எதுக்கு எங்க ஆடுறதுன்னு ஒரு வெவஸ்த இல்ல?"

பாட்டு நின்றது. மாமா கையில் இருந்த பூவைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே உறைத்தது. முகம் கறுத்துப்போயிற்று.

என்னவர் மேடையிலிருந்து பதறி இறங்கி வந்தார். நிலைமையைச் சமாளிக்கிறேன் என்று, "அத்தை, இதுல தப்பே இல்ல. இந்த மாதிரி பேண்டு வாத்தியமெல்லாம் அந்த ஊர்ல சாவு ஊர்வலத்துலயும் வாசிச்சதுதான்" என்றார்.

"அப்போ சாவுக்கு வாசிக்கிறதையா எங்க வூட்டு கல்யாணத்துல போட்ட?"

அவ்வளவுதான். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியாகிவிட்டது. படித்தவருக்கு எதை எங்கே பேசுவது என்று தெரியவில்லை, என்னவருக்குத்தான்!

மணமகள் அறையில் பெரியவர்கள் கூடினார்கள். அபசகுனம் நடந்துவிட்டது, காலையில் பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வர அந்த ஆள் வேண்டாம், மாமன் முறையில் வேறு யாராவது வரட்டும் என்றார் அத்தை. அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அப்பா, "அவுங்க மனசு கோணாம போயிடலாம்" என்று தலையாட்டினார். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. லெஹங்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே போனேன்.

சமையல்கட்டுக்குப் பின்னால், தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்த இடத்தில் மாமா தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவ்வளவு பெரிய மனுஷன் என் முன்னால் எழுந்து நின்றது எனக்குத் தாங்கவில்லை.

"காலைல நான் வரல பாப்பா. அவுங்க சொல்றது நாயம்தான்."

"எதுக்கு மாமா அந்த ஆட்டம் ஆடுன?" கோபமாகத்தான் கேட்டேன்.

மாமா துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"ஒன் மூஞ்சியப் பாத்தேன். ரத்தமே இல்ல. அல்லாரும் போனத் தூக்கிகினு ஒன்னியே பாத்துகினு கீறாங்கோ. என்னியப் பாக்கட்டும்னு பூந்துட்டேன். எனுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான, வேற இன்னாத்த ஆடுவேன்?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஊரே மெச்சுகிற மனுஷன், ஒரு நிமிஷத்தில் எனக்காகத் தன் மரியாதையைத் தூக்கிப் போட்டிருக்கிறார். அது போன பிறகும், எனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று ஒதுங்கி நிற்கப் பார்க்கிறார்.

அறைக்குத் திரும்பிப் போனேன். மேடையில் அசையாத கால் இப்போது யாரையும் கேட்காமல் நடந்தது. அத்தைக்கு முன்னால் நின்று, "எங்க மாமா கையப் புடிச்சுக் கூட்டிக்கினு வந்தாதான் நான் மணவறைக்கு வருவேன்" என்றேன். அப்பா என் பெயரைச் சொல்லி அதட்டினார். கல்யாணம் இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடிந்தாலும் சொன்னதை மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாமா எதற்காக ஆடினார் என்பதையும் சொன்னேன். என்னவர் என் பக்கத்தில் வந்து நின்றார். நல்லவேளை, இந்தத் தடவை எதையும் விளக்கவில்லை. "எனக்கும் மாமா வரணும் அத்தை" என்றார், அவ்வளவுதான்.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நடந்தது நடந்ததுதான். திருஷ்டி கழிச்சே ஆவணும்" என்றார் கடைசியில். "ஒரு பூசணிக்கா கொண்டாங்க. ஆடுன மனுஷனே சுத்தி ஒடைக்கட்டும். காலைல அவுரே கூட்டிக்கினு வரட்டும்."

மண்டப வாசலில் எங்கள் இருவரையும் நிற்க வைத்தார்கள். மாமா பூசணிக்காயின் மேல் சூடம் ஏற்றி, பயபக்தியோடு எங்களைச் சுற்ற ஆரம்பித்தார். உள்ளே விவரம் தெரியாத யாரோ மறுபடி அந்த ஸ்விங் பாட்டைப் போட்டுவிட்டார்கள். டிரம்பெட் எழுந்தது. மாமாவின் முகம் கல் மாதிரி இருந்தது, கை பூசணிக்காயை ஆடாமல் பிடித்திருந்தது. கால் மட்டும், பாவம், தாளம் போட்டது.

அத்தை குனிந்து பார்த்தார்.

"ஏங்க, மொதல்ல அந்தக் கால அடக்குங்க!"

முதலில் சிரித்தது அம்மா. அழுத கண்ணோடு சிரித்தார். அப்புறம் எல்லாரும். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். மாமா பூசணிக்காயை ஓங்கித் தரையில் போட்டு உடைத்தார். காலையில் புது வேட்டி கட்டிக்கொண்டு, என் கையை அழுந்தப் பிடித்து, அடிமேல் அடிவைத்து மணவறைக்கு அழைத்துப் போனார்.

இப்போது சென்னையில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஆட்டக் கூட்டத்துக்கு என்னவரோடு நானும் போகிறேன். இன்னும் எனக்கு ஒழுங்கான அடி ஒன்றும் வராது. தோளைக் குலுக்கி, முட்டியை மடக்கி ஏதோ ஆடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் இது என்ன ஸ்டைல் என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது? சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். ஆனால் யாராவது கால் ஒட்டிப்போய் நடுவில் தவித்து நிற்பதைப் பார்த்தால் மட்டும் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. தன் மானம் போனாலும் போகட்டும் என்று எனக்காக ஒருவர் குதித்தார், அப்படி இன்னொருவருக்காகக் குதிக்கிற மனசு எனக்கு இருக்கிறதா என்ற கேள்வி இன்றைக்கும் என்னை நிம்மதியாக உட்கார விடுவதில்லை.